பனிக்காலமும் மின்சேமக் கலமும்

மார்கழி பிறந்துவிட்டால் தில்லியில் நம்மவர் பேச்சு முழுவதும் குளிரைப் பற்றியதாகவே ஆகிவிடுகின்றது. இரசாய் எங்கே மலிவு, வெந்நீருக்கு எந்தக் கம்பி நல்லது, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் எத்தனை மணி நேரம் தாமதம் என்பன போன்ற வினாக்களோடு வேறொரு வினாவும் இப்போது அடிக்கடி காதில் விழுகின்றது. "கோடையில் நான்கு மணி நேரம் தாங்கிய இன்வெர்ட்டர், குளிரில் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லையே, ஏன்?" என்பதே அது.

வினா எளியது, ஆயினும் அதன் பின்னே பணமும் படிப்பும் நிற்கின்றன. விசய நகரிலோ முனிர்க்காவிலோ நால்வர் சேர்ந்து அறை எடுத்து, ஆளுக்கொரு பங்கு போட்டு வாங்கிய பாட்டரி அது. புதிதாக ஒன்று வாங்குவதென்றால் ஒரு மாத வாடகை அளவு தொகை போய்விடும். பருவத் தேர்வும் பனி கவியும் நாட்களை ஒட்டியே வருகின்றது. ஆகவே இப்பொருளைச் சற்று நின்று ஆராய்தல் நமக்குப் பயன் தரும் என்று கருதுகிறேன்.

குளிர்காலத்தில் மின்சாரம் ஏன் நிற்க வேண்டும், குளிர்சாதனப் பொறிகள் ஓடும் கோடையில் அன்றோ நெருக்கடி என்று சிலர் கேட்கலாம். கோடை நெருக்கடி உண்மைதான். 2012ஆம் ஆண்டு சூலை 30, 31 ஆகிய இரு நாட்களிலும் வட இந்திய மின்வலை அடுத்தடுத்துச் சரிந்ததை நம் மூத்தோர் மறந்திரார். ஆனால் பனிக்கும் தனியாக ஒரு குறும்பு உண்டு. உயரழுத்தக் கம்பிகளைத் தாங்கும் பீங்கான் காப்பான்களின்மேல் புகைக்கரியும் தூசியும் படிந்திருக்கும். உலர்ந்த தூசியால் தீங்கில்லை. மூடுபனியின் ஈரம் அதில் ஊறியதும் அப்படலமே மின்கடத்தியாகிவிடும். மின்சாரம் காப்பானின் மேற்பரப்பு வழியே பாய்ந்து, வழித்தடம் தானாக அறுந்து நிற்கும். இதனால்தான் வடநாட்டில் பல தடங்களில் பீங்கானை அகற்றிவிட்டுப் பாலிமர்க் காப்பான்களைப் பொருத்தியிருக்கிறார்கள். தெருவளவில் நிகழும் தடைகளுக்கோ காரணம் தேட வேண்டியதில்லை. ஒரே மாலையில் ஒரு தெரு முழுவதும் வெப்பமூட்டிகளைப் போட்டால் பழைய கம்பி எவ்வளவுதான் தாங்கும்?

இனிக் கலத்தினுள் நுழைவோம்.

நம் அறைகளில் உள்ள பாட்டரி பெரும்பாலும் காரீய அமில வகையைச் சேர்ந்தது. இதனைப் பிரெஞ்சு நாட்டுக் காஸ்தோன் பிளாந்தே 1859இல் கண்டறிந்தார். இரண்டு காரீயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சினார். பாய்ச்சியதைத் திரும்பப் பெறவும் முடிந்தது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. நேர்த்தகட்டில் காரீய டையாக்சைடு, எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற காரீயம், இடையே நீர்த்த கந்தக அமிலம். மின்சாரத்தை எடுக்கும்போது இரு தகடுகளும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாகின்றது. மின்னேற்றும்போது இவை யாவும் தலைகீழாக நிகழ்கின்றன.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். இக்கலத்தில் அமிலம் வெறும் வழிப்போக்கன் அன்று. தகடுகளைப் போலவே அதுவும் செலவாகும் பொருளே. முழுதும் ஏறிய கலத்தில் திண்ணிய அமிலம் இருக்கும். இறங்கிய கலத்தில் இருப்பது ஏறக்குறைய நீரே. குளிரைப் பற்றி நாம் அறிய வேண்டியவற்றுள் பாதி இவ்வொரு செய்தியிலேயே அடங்கிவிடுகின்றது.

குளிர் என்ன செய்கின்றது?

கலத்தின் மின்னியக்கு விசை குளிரில் பெரிதும் குறைந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஒரு பாகை வெப்பம் குறைந்தால் ஒரு கலத்திற்கு ஏறக்குறைய 0.2 மில்லிவோல்ட்டுதான் குறையும். 27 பாகையிலிருந்து 7 பாகைக்கு இறங்கினாலும் ஆறு கலங்கள் கொண்ட பாட்டரியில் குறைவது ஒரு வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு. சுமை ஏதுமின்றி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து "வோல்ட்டு சரியாகத்தானே இருக்கிறது" என்று கடைக்காரர் சொல்வது இதனால்தான். அவர் சொல்வது பொய்யன்று. ஆனால் அதனால் நமக்குப் பயனில்லை.

மாற்றம் நிகழ்வது வேறிடத்தில். தகடு ஒரு கற்பலகையைப் போன்றதன்று. எண்ணற்ற நுண்துளைகள் உடையது. மின்சாரத்தை எடுக்கும்போது முதலில் செலவாவது துளைகளுக்குள் இருக்கும் அமிலம். அது தீரத் தீர வெளியிலிருந்து புது அமிலம் உள்ளே விரவி வருதல் வேண்டும். குளிரில் அமிலத்தின் பாகுநிலை மிகுகின்றது, விரவும் வேகம் குறைகின்றது, அகத்தடையும் கூடுகின்றது. நம்மூர்க் கலியாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையற்கட்டில் அண்டா அண்டாவாகச் சோறு இருக்கின்றது. பரிமாறுவோர் நடை மட்டும் தளர்ந்துவிட்டது. உண்போர் இலை வெறுமையாகவே கிடக்கும். பந்தியில் இருப்பவருக்குச் சோறு இல்லை என்றே தோன்றும். இன்வெர்ட்டர் அந்தப் பந்தியில் அமர்ந்த பொறுமையற்ற விருந்தினர். சுமையோடு நிற்கும்போது மின்னழுத்தம் 10.5 வோல்ட்டு அளவுக்கு இறங்கியதும் "தீர்ந்தது" என்று எழுந்துவிடும்.

எனவே குளிரில் மறையும் மின்சாரம் அழிந்த பொருளன்று, கைக்கெட்டாத பொருள். கலத்தைச் சிறிது நேரம் ஓய்வாக விட்டால் ஒரு பகுதி மீண்டு வரும். வெதுவெதுப்பாக்கினால் இன்னும் வரும்.

எவ்வளவு மறைகின்றது என்பதையும் கணக்கிடலாம். நம் நாட்டில் இவ்வகைப் பாட்டரிகளின் கொள்ளளவை 27 பாகை வெப்பநிலைக்கே குறிக்கிறார்கள். பத்து மணி நேரத்தில் தீரும்படி மெதுவாக எடுத்தால், அதற்குக் கீழே ஒவ்வொரு பாகைக்கும் கொள்ளளவில் ஏறக்குறைய அரை விழுக்காடு குறையும். விரைந்து எடுத்தால் குறைவு ஒரு விழுக்காட்டை நெருங்கும். தில்லியில் சனவரி இரவு 7 பாகை என்று கொள்வோம். அப்படியானால் இருபது பாகைக்குப் பத்து முதல் இருபது விழுக்காடு. உண்மையில் இதனினும் குறைவே. ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள அமிலமும் காரீயமும் ஓர் இரவில் ஆறிவிடுவதில்லை. பாட்டரி இரவின் கடுங்குளிரைக் காட்டிலும் நாளின் சராசரி வெப்பநிலையையே ஒட்டி நிற்கும். சனவரியில் தில்லியின் சராசரி 14 பாகை அளவில் இருக்கின்றது. ஆகக் குளிர் தனியே கொள்ளை கொள்வது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு.

அப்படியாயின் நான்கு மணி ஒன்றாகச் சுருங்கியது எப்படி? குளிர்காலத்தில் மின்விசிறிகூட ஓடுவதில்லையே! சுமை குறைந்திருக்க, நேரம் கூடியன்றோ இருத்தல் வேண்டும்?

உண்மைக் குற்றவாளி

இதற்கு விடை சனவரியில் இல்லை; மே, சூன் திங்களில் இருக்கின்றது. சப்தர்சங் வானிலை நிலையத்தில் 1944 மே 29 அன்று 47.2 பாகை பதிவாயிற்று. அத்தகைய நாள் அரிதென்றாலும், நாற்பதைத் தாண்டும் நாட்கள் இவ்வூரில் ஆண்டுதோறும் உண்டு. வேதிவினைகளின் வேகம் பத்துப் பாகைக்கு ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது நாம் முதலாண்டிலேயே படித்தது. கலத்திற்கு இது நன்மையும் ஆகும், தீமையும் ஆகும். மின்சாரம் தரும் வினை விரையும். கூடவே நேர்த்தகட்டின் சட்டத்தை அரிக்கும் வினையும் விரையும், நீரும் விரைந்து வற்றும். வெப்பம் பத்துப் பாகை கூடினால் பாட்டரியின் ஆயுள் பாதியாகும் என்று பொறியாளர் கொள்ளும் விதி இதிலிருந்து பிறந்ததே. வற்றிய நீரை ஊற்றாது விட்டால் தகட்டின் மேற்பகுதி காற்றில் நிற்கும். அங்கே சல்பேட்டு இறுகிக் கெட்டிப்படும். பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் அது கரைவதில்லை.

இவ்வாறு பாதி உயிரை இழந்த பாட்டரி, கோடையின் வெப்பத்தால் வினை விரைவதனால், ஒருவாறு சமாளித்துக் கொண்டிருக்கும். குளிர் வந்ததும் குட்டு வெளிப்படுகின்றது. கொன்றது வேனில், காட்டிக்கொடுத்தது முன்பனி. குளிரைத் திட்டிக்கொண்டு புதுப் பாட்டரி வாங்குவோர், அதையும் மேற்கு வெயில் படும் மாடத்திலேயே வைத்தால் அதுவும் அவ்வழியே போகும்.

கோடையின் குற்றத்திற்குத் துணைபோகும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அது மின்னேற்றத்தில் நிகழும் குறை. குளிர்ந்த கலம் மின்னேற்றத்தை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. சற்று உயர்ந்த அழுத்தம் கேட்கும். ஒரு பாகை குறைவுக்கு ஒரு கலத்திற்கு 3 முதல் 5 மில்லிவோல்ட்டு கூட்டுதல் வேண்டும் என்பது வழக்கம். 27இலிருந்து 13 பாகைக்கு இறங்கிய ஆறு கலப் பாட்டரிக்கு இது 0.25 முதல் 0.4 வோல்ட்டு ஆகின்றது. கோடையில் 14.4 வோல்ட்டில் நிறைந்த பாட்டரி குளிரில் 14.7 கேட்கும். நல்ல இன்வெர்ட்டர்களில் வெப்பத்தை உணர்ந்து அழுத்தத்தைத் திருத்தும் அமைப்பு உண்டு. மலிவானவற்றில் இல்லை. அவை கோடைக்கணக்கிலேயே "நிறைந்தது" என்று பச்சை விளக்கைக் காட்டிவிடும். நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறையும் இக்கடன் ஒரு திங்களில் பெரிதாகிவிடும். ஏறாது நின்ற பகுதியெல்லாம் கெட்டிச் சல்பேட்டாகிவிடும்.

இதற்கு நாம் செய்யக்கூடியது உண்டு. பல இன்வெர்ட்டர்களின் பின்புறத்தில் பாட்டரியின் வகையைக் குறிக்கும் சிறு விசை இருக்கும். குழாய்த்தகட்டுப் பாட்டரிக்கு உரிய நிலையில் அது இருக்கின்றதா என்று பாருங்கள். மூடிய வகைக்கு உரிய நிலையில் இருந்தால் மின்னேற்ற அழுத்தம் தாழ்ந்தே இருக்கும். பச்சை விளக்கு எரிந்த பின்னும் பல மணி நேரம் மின்னேற்றத்திலேயே விட்டு வைப்பதும் நல்லது.

சுமையைப் பற்றி இரண்டு சொல். 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் எப்படி எடுத்தாலும் அவ்வளவு கிடைக்கும் என்று பொருளன்று. மூன்று எல்.இ.டி. விளக்கு, ஒரு வைஃபை பெட்டி, இரண்டு மடிக்கணினி எல்லாம் சேர்ந்து 140 வாட்டு என்க. இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் பாட்டரியிலிருந்து 15 ஆம்பியர் போகும். புதிய பாட்டரி, பத்து மணி நேர வீதத்தில் குறிக்கப்பட்டதாயின், பத்து மணி நேரம் தாங்கும். அதே பாட்டரியில் 500 வாட்டுச் சிறு வெப்பமூட்டியை மாட்டினால் 52 ஆம்பியர். வெறும் வகுத்தலில் 2.9 மணி நேரம் வரும். ஆனால் செருமானியர் பியூக்கெர்ட் 1897இல் காட்டிய விதிப்படி, அடுக்கெண்ணை 1.25 எனக் கொண்டால், 2.1 மணி நேரமே. குளிரின் பங்கையும் பாட்டரியின் மூப்பையும் இதன்மேல் கழித்துக்கொள்ளுங்கள். நான்கு மணி ஒன்றான கதையில் பெரும்பாலும் எங்கேனும் ஒரு மூலையில் யாரோ ஒருவருடைய வெந்நீர்க் கெட்டில் ஒளிந்திருக்கும். விருந்தோம்பல் நம் பண்புதான். தேநீர் போட எரிவாயு அடுப்பைப் பற்றவையுங்கள்.

பல்கலைக்கழக மெட்ரோ நிலையத்து வாயிலில் நிற்கும் மின்ரிக்சாக்காரர்களுக்கு இவ்விதிகள் எல்லாம் பாடமாகவே தெரியும். பழைய வண்டிகளில் இருப்பவை நான்கு காரீய அமிலப் பாட்டரிகள். "டண்டு மே பாட்டரி பைட் ஜாதீ ஹை, பையா" என்றார் ஒருவர். அதாவது குளிரில் பாட்டரி உட்கார்ந்துவிடுகின்றதாம். நம் ஊரில் பாட்டரி உட்காருவதில்லை, படுத்தேவிடுகின்றது. மொழியியல் நண்பர்கள் இதை ஆராயலாம். குளிர்காலத்தில் அவர் காலையில் ஏறக்குறைய பாதி வேகத்தில் ஓட்டத் தொடங்குகிறார். மின்சாரம் எடுக்க எடுக்கக் கலம் தானே சூடேறும் என்பதை அனுபவத்தால் கண்டவர். பியூக்கெர்ட் விதியும் அகத்தடையும் சேர்ந்தது அவர் பாதம்.

உறையுமா, உறையாதா?

பாட்டரி உறைந்துவிடும் என்று அஞ்சிக் கம்பளி போர்த்துவோரும் நம்மில் உண்டு. அமிலத்தின் ஒப்படர்த்தியைப் பொறுத்தே அதன் உறைநிலை அமையும். 1.250 என்றால் சுழிக்குக் கீழே ஐம்பது பாகை அளவுக்குப் போனாலன்றி உறையாது. 1.200 என்றால் சுழிக்குக் கீழ் 27, 1.150க்குக் கீழ் 15, 1.100க்குக் கீழ் 7 அளவு. சப்தர்சங்கில் மிகக் குறைந்த வெப்பநிலை சுழிக்குக் கீழ் 0.6 பாகை, அதுவும் 1935 சனவரி 16இல். 2021ஆம் ஆண்டின் முதல் நாள் 1.1 பாகைக்கு வந்தபோதே ஊர் நடுங்கிற்று. ஆகவே தில்லியில், முற்றிலும் இறங்கிய பாட்டரிகூட உறைவதற்கில்லை.

லடாக்கிற்கு ஆய்வுப் பணிக்கெனப் போகும் புவியியல், தாவரவியல் நண்பர்கள் நிலை வேறு. லே நகரில் சனவரி இரவுகளில் சுழிக்குக் கீழ் 15 என்பது புதுமையன்று. திராசு அதனினும் கொடிது. 2019 பிப்ரவரியில் சிறீநகர்-லே மின்தடம் திறக்கப்படும் வரை லடாக் நாட்டின் பெருவலையோடு இணைந்திருக்கவில்லை. தொலைவான சிற்றூர்களில் இன்றும் கதிரவன் பலகையும் பாட்டரியும்தான் துணை. அங்கே இறங்கிய பாட்டரியை ஒரே இரவு வெளியில் விட்டால் போதும்; நீர் பனிக்கட்டியாகிப் பருத்துக் கலத்தின் சுவரையே பிளந்துவிடும். அங்குள்ளோர்க்கு முதல் காப்பு கம்பளியன்று, நிறைந்த மின்னேற்றம். அடுத்தது இடம். பே என்னும் ஊரில் உள்ள செக்மோல் கல்விக்கழகத்தின் மண் கட்டடங்கள் தெற்கு நோக்கி வரும் வெயிலைக்கொண்டே குளிர்காலத்தில் வெதுவெதுப்பாக நிற்கின்றன. அத்தகைய அறையின் உட்சுவரை ஒட்டி வைத்த பாட்டரி, மனிதரைப் போலவே, குளிருக்குத் தப்பும். வாலை வடிநீர் ஊற்றுவதிலும் அங்கே ஒரு நுட்பம் உண்டு. ஊற்றிய நீர் அமிலத்தின்மேல் மிதந்து தனிப் படலமாக நிற்கும். அது தூய நீராதலின் சுழிப் பாகையிலேயே உறையும். ஆதலால் நீர் ஊற்றியவுடன் மின்னேற்றிக் கலக்கிவிடுதல் வேண்டும்.

இப்போது பரவிவரும் லித்தியம் வகைக்கு மாறலாமா என்று கேட்போர்க்கு: தில்லிக்குத் தடையில்லை. அவ்வகையில் உறைநிலைக்குக் கீழே மின்சாரத்தை எடுக்கலாம், ஏற்றுதல் ஆகாது. ஏற்றினால் லித்தியம் கரிமுனையின் உள்ளே புகாது மேலே உலோகமாகப் படிந்து, கொள்ளளவையும் காப்பையும் ஒருங்கே கெடுக்கும். நல்ல பாட்டரிகளில் உள்ள காவற்சுற்று அந்நேரத்தில் மின்னேற்றத்தைத் தானே நிறுத்திவிடும். சுழியை எப்போதேனும் தொடும் இவ்வூரில் வீட்டினுள் வைத்த பாட்டரிக்கு இத்தொல்லை வராது. விலைதான் மிகுதி.

கம்பளிக்குத் திரும்புவோம். தில்லியில் அது வேண்டாதது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும். மின்னேற்றம் நிறையும் தறுவாயில் நீர் பிரிந்து ஹைட்ரஜன் வெளிவரும். ஒரு கலத்தில் வீணாகும் ஒவ்வோர் ஆம்பியர்-மணிக்கும் 0.42 லிட்டர். ஆறு கலத்தில் 10 ஆம்பியர் பாய்ந்தால் மணிக்கு 25 லிட்டர். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். பத்தடிக்குப் பத்தடி அறையில் இந்த அளவு சேர இரண்டு நாளாகும்; காற்றோட்டம் சிறிதிருந்தாலும் சேராது. ஆனால் கட்டிலுக்கு அடியிலோ மரப்பெட்டிக்குள்ளோ பாட்டரியை வைத்து மேலே கம்பளியையும் போர்த்தினால், அங்குள்ள நூறு லிட்டர் காற்றில் 4 லிட்டர் சேரப் பத்து நிமிடமே போதும். குளிருக்கு அஞ்சி மாடத்திலிருந்து பாட்டரியைப் படுக்கையறைக்குக் கொண்டு வருவோர் இதை மனத்தில் வைக்க வேண்டும். படிக்கட்டுத் திருப்பம், நடைவழி, சன்னல் உள்ள மூலை ஆகியவை தக்க இடங்கள். பக்கங்களில் தெர்மோகோல் பலகை வைக்கலாம்; மேற்புறம் திறந்தே இருக்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் மின்னேற்றம் அளவு கடந்துவிட்டது என்று கொண்டு இன்வெர்ட்டரை நிறுத்திச் சன்னலைத் திறவுங்கள்.

மூடிய அறையைப் பற்றிப் பேச்சு வந்ததால், பொருளுக்குப் புறம்பானதெனினும் ஒன்று. இவ்வாண்டு புதிதாக வந்த தம்பி தங்கையர், மின்சாரம் நின்ற இரவில் கரி அங்கீட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் துயிலாதிருக்க வேண்டும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் இவ்வூர்ச் செய்தித்தாள்களில் அத்தகைய சாவு வருகின்றது.

கலத்தைச் சோதிக்கும் முறை

திரவமானி கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். குழாய்த்தகட்டுப் பாட்டரிக்கு முழு மின்னேற்றத்தில் 27 பாகையில் 1.240 அளவு இருத்தல் வேண்டும். ஆனால் குளிரில் அமிலம் சுருங்கி அடர்ந்துவிடுவதால் மானி உண்மைக்கு மேல் காட்டும். ஒரு பாகைக்கு 0.0007 வீதம் கழிக்க வேண்டும். 7 பாகையில் 1.240 காட்டினால் மெய்யளவு 1.226 தான். இச்சிறு திருத்தத்தைச் செய்யாமல் "நிறைந்திருக்கிறது" என்று மகிழ்வோர் பலர். ஆறு கலங்களில் ஐந்து ஒத்திருக்க ஒன்று மட்டும் மிகத் தாழ்ந்திருந்தால் அக்கலம் போயிற்று. எந்த மருந்தும் பயன் தராது.

திரவமானி இல்லாதவர் மின்னேற்றத்தை நிறுத்திச் சில மணி நேரம் ஓய்வளித்து வோல்ட்டு பார்க்கலாம். ஒப்படர்த்தியோடு 0.84ஐக் கூட்டினால் ஒரு கலத்தின் வோல்ட்டு வரும். 1.240க்கு 2.08, ஆறு கலத்திற்கு 12.5. இணையத்தில் காணும் அட்டவணைகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக் கார்ப் பாட்டரிகளுக்கு உரியவை, அவற்றில் 1.280 வரை திண்ணிய அமிலம் இருக்கும், ஆதலின் 12.7 என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து நம் நல்ல பாட்டரியைப் பழுதென்று தள்ளிவிடாதீர்கள்.

நீர் ஊற்றுவதில் வாலை வடிநீரன்றி வேறெதுவும் வேண்டா. குழாய் நீரில் குளோரைடும் இரும்பும் உண்டு. வீட்டு வடிகட்டி நீரிலும் உப்பு எஞ்சும். குளிர்சாதனப் பொறியிலிருந்து சொட்டும் நீரைச் சேர்த்து வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் பலர், அதில் செப்புக்குழாயின் துகளும் தூசியும் இருக்கும். அமிலத்தை ஒருபோதும் மேலும் ஊற்றலாகாது. வற்றியது நீரே, அமிலமன்று. சிமெண்டுத் தரை மின்சாரத்தை உறிஞ்சிவிடும் என்று பலகை போடச் சொல்வது பழைய மரப்பெட்டிக் காலத்து நம்பிக்கை; இன்றைய பிளாஸ்டிக் கலத்திற்குப் பொருந்தாது. பனியீரத்தால் முனைகளில் வெண்மையாகப் பூத்திருந்தால், கம்பிகளைக் கழற்றிவிட்டுச் சமையல் சோடாக் கரைசலால் துடைத்து, உலர்த்தி, வாசலின் தடவுங்கள். கரைசல் ஒரு துளியும் கலத்தினுள் போகலாகாது.

இத்துறையை முறையாகப் பயில விரும்பும் வேதியியல் மாணவர்கள் வெளிநாட்டை நோக்க வேண்டியதில்லை. மைய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் காரைக்குடியில் இருக்கின்றது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்ச ரூபாயும் வழங்க, 1948 சூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14இல் டாக்டர் இராதாகிருட்டிணன் அதனை நாட்டுக்கு உரிமையாக்கினார். நீர் உறைவதைக் கண்ணாலும் காணாத செட்டிநாட்டு மண்ணில் பாட்டரி ஆராய்ச்சி நடப்பது நகைப்புக்குரியதன்று. கலத்தின் பெரும்பகை வெப்பம் என்பதை மேலே கண்டோமல்லவா?

இனிப் பொங்கலுக்கு ஊருக்குச் செல்லும் நண்பர்கள் வண்டி ஏறுமுன் செய்ய வேண்டியது. அறையின் முதன்மை விசையை மட்டும் அணைத்துவிட்டுப் போனால், இன்வெர்ட்டர் மின்தடை என்று எண்ணித் தானே ஓடத் தொடங்கும். சுமையில்லாவிட்டாலும் தனக்கு வேண்டியதை எடுத்துச் சில நாட்களில் பாட்டரியைத் தீர்த்துவிடும். தீர்ந்த பாட்டரி இரு வாரம் கிடந்தால் சல்பேட்டு இறுகும். ஆகையால் புறப்படும் முன்நாள் முழுதும் மின்னேற்றுங்கள், நீரளவு பாருங்கள், இன்வெர்ட்டரை அதன் விசையிலேயே நிறுத்துங்கள், பிறகு சுவர்விசையையும் அணைத்துப் பாட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். தானாக இறங்கும் வேகம் பத்துப் பாகைக்குப் பாதியாகக் குறையுமாதலின், இவ்வகையில் குளிர் நமக்கு நண்பன். நிறைந்த பாட்டரி ஒரு திங்கள் கிடந்தாலும் கேடில்லை. திரும்பி வந்ததும் கம்பியை மாட்டுமுன் வோல்ட்டைப் பாருங்கள். 12.4க்கு மேல் இருந்தால் வழக்கம்போல் பயன்படுத்தலாம். 12.1 அளவு என்றால் பாதி இறங்கிவிட்டது; ஒரு நாள் முழுதும் மின்னேற்றத்தில் விட்ட பிறகே சுமை கொடுங்கள். 12க்கும் கீழே போயிருந்தால் மின்னேற்றிய பின் ஆறு கலங்களையும் திரவமானியால் தனித்தனியே பார்த்து, அறை நண்பர்களைக் கூட்டிப் பங்குத் தொகையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.